கேழ்வரகில் இஞ்செரா: கண் விழவே மாட்டேன் என்கிறது. எத்தியோப்பியாவில் இருந்தவர்கள் யாராவது உண்டா?

பஹிர்தார் வாத்தியார்:

வணக்கம். 2010 முதல் 2014 வரை எத்தியோப்பியாவில், தானா ஏரிக்கரை ஊரான பஹிர் தாரில் கணக்கு நடத்தினேன். இப்போது ஓய்வு, திருச்செங்கோட்டில் வாசம். சந்தேகம் அந்த ஊர்ப் புளித்த மாவு அப்பமான இஞ்செரா சமையலில்தான், ஆனாலும் கொஞ்சம் கதை சொல்லிவிடுகிறேன்.

நான் சைவம். ஆப்பிரிக்காவில் பட்டினி கிடக்கப் போகிறேன் என்று பயந்து, பெட்டியில் பாதிக்குப் புளியும் பருப்பும் அப்பளமும் அடைத்துக்கொண்டு போனேன். போனால் அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். கறி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை எதுவும் தொடமாட்டார்கள். ஈஸ்டருக்கு முன்னால் சேர்ந்தாற்போல் 55 நாள். விரதச் சாப்பாடு என்று கேட்டால் போதும், அகலமான இஞ்செராவின் மேல் கீரை, பீட்ரூட், மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கடலை மாவில் காய்ச்சிய ஷிரோ என்று குவியல் குவியலாக வைத்துத் தருவார்கள். மிசிர் வோத் என்று ஒரு குழம்பு. மைசூர் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன், தட்டில் வந்ததும் அசல் மைசூர்ப் பருப்பு! வகுப்பில் இதைச் சொன்னேன். பையன்களுக்கு ஒரு வாரம் சிரிப்பு.

ஒருமுறை அடிஸ் அபாபாவிலிருந்து திரும்பப் பஸ் டிக்கெட்டில் 11:30 என்று எழுதித் தந்தார்கள். நிதானமாக மாக்கியாத்தோ காப்பி குடித்துவிட்டுப் பதினொரு மணிக்குப் போய் நின்றேன். வண்டி விடிகாலை ஐந்தரைக்கே போயாகிவிட்டது. அவர்கள் மணியைப் பகலில் பொழுது விடிவதிலிருந்தும் இரவில் பொழுது சாய்வதிலிருந்தும் எண்ணுகிறார்கள், நம் காலை 7 மணி அங்கே 1 மணி, நம் விடிகாலை ஐந்தரை அங்கே இரவு 11:30. கணக்கு வாத்தியாருக்கு ஆறு மணி நேரம் கூட்டிக் கழிக்கத் தெரியவில்லை என்று கடைசி வரை கிண்டல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இஞ்செராவுக்கு வேண்டிய டெஃப் என்ற தானியத்தின் மாவு இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. கேழ்வரகு மாவைக் கரைத்து மூன்று நாள் புளிக்க வைத்தேன். வாசனை அப்படியே பஹிர் தார். கல்லில் ஊற்றினால் மட்டும் மேலே துளைத்துளையாகக் கண் விழவில்லை, மடித்தால் ஒடிகிறது. "இதற்குப் பேசாமல் களி கிண்டியிருக்கலாம்" என்கிறார் வீட்டுக்காரம்மா. எங்கே பிசகு?

ஆப்பச்சட்டி, நாகர்கோவில்:

சார், நான் அந்த ஊர்ப் பக்கமே போனதில்லை, ஆப்பம் மட்டும் தெரியும். ஆப்பத்துக்கு அரைத்த மாவில் ஒரு கரண்டி எடுத்து, தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, ஆறினபின் மாவோடு சேர்ப்போம். அது இல்லாவிட்டால் மெத்தென்று வராது. நீங்கள் கூழ் சேர்த்தீர்களா? அப்புறம், தோசை மாதிரி கரண்டியால் தேய்த்தீர்களோ? தேய்த்தால் கண் எப்படி விழும்!

திருப்பூர்க்காரன்:

அக்கா கையைக் கொடுங்க! அந்தக் கூழுக்கு அங்கே அப்சித் என்று பெயர். நான் ஹவாசா தொழிற்பேட்டையில் பனியன் லைனில் இரண்டு வருடம் இருந்தேன். வீட்டுக்கார அம்மா செய்வதைத் தினமும் பார்ப்பேன். புளித்த மாவின் மேல் மஞ்சளாகத் தண்ணீர் தெளிந்து நிற்கும், அதை இறுத்துவிட வேண்டும். கொஞ்சம் எடுத்து வைத்தால் அடுத்த மாவுக்கு உறை, அதன் பெயர் எர்ஷோ. பிறகு அப்சித் காய்ச்சி ஊற்றி, மாவு மறுபடி பொங்கும் வரை காத்திருப்பார். வெளி ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே சுற்றிச் சுற்றி ஊற்றி, கண் விழுந்ததும் மூடிவிடுவார். திருப்பியே போடமாட்டார்.

கேழ்வரகு ஒன்றும் அவர்களுக்கு அந்நியம் இல்லை சார். அதற்கு தகுசா என்று பெயர், உங்கள் பஹிர் தார் பக்கம்தான் நிறைய விளையும். ஒடியாமல் இருக்க நாலில் ஒரு பங்கு மைதா கலந்து பாருங்கள்.

எல்லாம் சொன்னீர்கள், தெஜ் பற்றி மூச்சே இல்லையே? கழுத்து ஒடுங்கிய குடுவையில் ஆரஞ்சு நிறத்தில் வருமே, தேன் கள்?

பஹிர்தார் வாத்தியார்:

தம்பி, இந்த இழையை என் மாணவர்களும் படிப்பார்கள்! ஒரு குடுவை குடித்தேன், போதுமா. தேன் என்ற பெயரை நம்பித்தான். கெஷோ என்ற செடியின் இலையும் குச்சியும் போட்டுப் புளிக்க வைப்பதால் அடியில் ஒரு கசப்பு ஓடும். தித்திப்பை நம்பி மடமடவென்று குடித்து, எழுந்தபோதுதான் கால் சொன்னது.

எனக்கு வாய்த்தது காப்பிதான். தரையில் பசும்புல்லைப் பரப்பி, சாம்பிராணி போட்டு, கொட்டையைக் கண்ணெதிரே வறுத்துப் புகையை முகத்தருகே கொண்டுவந்து காட்டுவார்கள். கூடவே சோளப்பொரி. மூன்று சுற்று: அபோல், தோனா, பரக்கா. போகப்போக நீர்த்துக்கொண்டே வரும், ஆனால் மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்தால் மரியாதையில்லை. சில வீடுகளில் கோப்பையில் ஒரு கொத்து இலை போடுவார்கள். முகர்ந்தால் நம் அருவதா!

நிற்க. நேற்று கூழ் காய்ச்சி ஊற்றினேன், மைதாவும் கலந்தேன். நடுவில் ஒரு சாண் அளவுக்குக் கண் விழுந்திருக்கிறது, ஓரம் இன்னும் அடைதான். அம்மா, உங்களுக்குக் கோடி நன்றி. நடுப்பகுதியைக் கிள்ளி, பருப்பை வைத்துச் சுருட்டி, அங்கே விருந்தாளிக்குச் செய்வதுபோல வீட்டுக்காரம்மா வாயில் ஊட்டப் போனேன். குர்ஷா என்பார்கள். முதலில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் வாயைத் திறந்தார். "புளிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். அடுத்த முறை இரண்டு நாளில் ஊற்றிவிடலாமா?

ஆப்பச்சட்டி, நாகர்கோவில்:

இந்த வெயிலுக்கு ஒன்றரை நாளே தாராளம் சார். கல்லை இன்னும் கொஞ்சம் காயவிடுங்கள், ஓரமும் சரியாகும்.