வெஸ்லியாக நடித்த பையன்: நேரிலோ திரையிலோ பார்த்து மனதில் நின்றதை எழுதுங்கள்

மணிமுத்தாறு:
வில் வீட்டனை இங்கே பலருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் வெஸ்லி என்ற சிறுவனாக நடித்தவர். சில வருஷங்களுக்கு முன் கலிஃபோர்னியாவில் ஒரு ரசிகர் மாநாடு, கையெழுத்து வரிசை. எனக்கு முன்னால் நின்றவரின் டி-ஷர்ட்டில் 'ஷட் அப், வெஸ்லி!' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. தொடரில் விண்கப்பலின் கேப்டன் பிக்கார்ட் அந்தப் பையனை அதட்டும் அதே வசனம். அந்த எழுத்துக்குக் கீழேயே கையெழுத்து வேண்டும் என்று சட்டையை இழுத்துக் காட்டினார். வீட்டன் அதைப் படித்தார், மார்க்கர் மூடியைக் கழற்றினார், துணி சுருங்காமல் ஓரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு போட்டுக் கொடுத்தார். முகம் மாறவே இல்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. 1987இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடங்கியபோது அவருக்கு 15 வயது. வெஸ்லி சாக வேண்டும் என்று பெயரிலேயே வைத்துக்கொண்ட ஒரு குழு யூஸ்நெட் என்ற அந்தக் கால இணைய விவாதக் களத்தில் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதே பேச்சை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறோம்.

பழைய ஆண்டெனா:
நண்பரே, அந்தக் கோபம் பையன் மேல் இல்லை, எழுதியவர்கள் மேல். கப்பல் நிறைய அதிகாரிகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள், இவன் வந்து காப்பாற்றுவான். முதல் சீசனில் இதை எத்தனை தடவை பொறுப்பது? தொடரைப் படைத்தவரான ஜீன் ராடன்பெரியின் நடுப்பெயரே வெஸ்லி. செல்லப்பிள்ளையாக எழுதினால் பார்ப்பவனுக்கு எரிச்சல் வராதா?

அதே நடிகரை 1992இல் வந்த 'தி ஃபர்ஸ்ட் டியூட்டி' எபிசோடில் பாருங்கள். அவர் தொடரைவிட்டுப் போனபிறகு விருந்தினராக வந்து நடித்தது. பயிற்சியில் ஒரு மாணவன் இறந்துவிடுகிறான், வெஸ்லியும் நண்பர்களும் சேர்ந்து உண்மையை மறைக்கிறார்கள். பிக்கார்டுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் அறையில் வெஸ்லி விறைப்பாக நிற்கிறான், கண் மட்டும் அவரைப் பார்க்க மறுக்கிறது. நான் பார்த்தது பழைய டிவியில், படம் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அந்தக் கண் மறக்கவில்லை. நல்ல எழுத்து கிடைத்தால் அவர் எப்படி நடிப்பார் என்பதற்கு அது ஒன்றே போதும்.

கோவை அத்தை:
என் அனுபவம் சின்னது. தங்கை மகனை ஒரு சீரியல் ஷூட்டிங்குக்குக் கூட்டிப்போனேன். இரவு வெகுநேரம் ஆகியும் பேக்கப் சொல்லவில்லை. பிள்ளை முழு மேக்கப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டான், எழுப்பி டயலாக் பேச வைத்தார்கள்.

அதனால் பெற்றோர் யாராவது படித்தால் தெரிந்துகொள்ளுங்கள். 2017இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, குழந்தையை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். சம்பளத்தில் 20 சதவீதமாவது தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் டெபாசிட் ஆக வேண்டும். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள். அமெரிக்காவில் இதெல்லாம் எப்போதோ வந்துவிட்டது. சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகன் பெரியவனானபோது சம்பாதித்த பணத்தில் பெரும்பகுதி காலியாகியிருந்தது. தாய் மேலேயே வழக்குப் போட்டார். 1939இல் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. இன்றைக்கு அங்கே 15 சதவீதம் தனியாகப் போகிறது. இது எதுவும் இல்லாமல் போனால் ஸ்டார் வார்ஸில் நடித்த அந்தச் சின்னப் பையன் கதிதான். ரசிகர்கள் திட்டித் திட்டியே அவன் மனநிலையைக் கெடுத்துவிட்டார்கள்.

கருங்குயில்:
அக்கா, விதிகளை எழுதியதற்கு நன்றி. ஆனால் அந்த ஸ்டார் வார்ஸ் பையன் ஜேக் லாய்ட் விஷயத்தை அப்படிச் சொல்லாதீர்கள். பள்ளியில் பிள்ளைகள் படத்தில் வரும் லைட்சேபர் என்ற ஒளிவாளின் சத்தம் போட்டே படுத்தினார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார், அது கொடுமைதான். அவருக்கு இருப்பது ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனநோய். தந்தை வழிக் குடும்பத்தில் அந்த நோய் உண்டு, ரசிகர்களின் வெறுப்பு காரணமில்லை என்று அவர் அம்மா 2024இல் பேட்டியில் தெளிவாகச் சொன்னார். என் அண்ணனுக்கும் அதே நோய். எங்கள் வீட்டில் யார் செய்த தப்பு என்று தேடியே பல வருஷம் போனது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அந்த 2024இலேயே 25ஆம் ஆண்டுக்காக அவர் நடித்த 'தி ஃபேன்டம் மெனஸ்' படத்தைத் திரும்பத் திரையிட்டார்கள். நியூஜெர்சியில் போய்ப் பார்த்தேன். கடைக்குள் அந்தப் பையன் முதலில் தலைகாட்டியதும் பின்வரிசையில் ஒரு பெண் கைதட்டினாள். அப்புறம் தியேட்டரே தட்டியது.

மணிமுத்தாறு:
கருங்குயில் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அத்தைக்கு ஒன்று: டெபாசிட் ரசீது முக்கியம்தான், ஆனால் வீட்டன் அடிக்கடி சொல்வது வேறு. நடிப்பது தன் ஆசையே இல்லை, பெற்றோரின் ஆசை என்கிறார். 2004இல் எழுதிய சுயசரிதைக்கு அவரே அடிக்குறிப்பு போட்டு 2022இல் 'ஸ்டில் ஜஸ்ட் எ கீக்' என்று வெளியிட்டார். ஒலிநூலாக அவர் குரலிலேயே இருக்கிறது. பிள்ளையை நடிக்க அனுப்பும் முன் உங்கள் தங்கையை அந்த ஒலிநூலைக் கேட்கச் சொல்லுங்கள்.