சின்ன காருக்கு மேனுவலா, ஏ.எம்.டி.யா?

இடதுகால்: 1.2 லிட்டர் பெட்ரோல்ல சின்ன கார் பார்த்துட்டு இருக்கேன். தினமும் ஒரு மணி நேரம் நெரிசல்ல ஊர்ந்து போற பாதை. எதை எடுக்கலாம்?

கியர்மணி: யோசிக்காம மேனுவல். ஏ.எம்.டி.ன்னா வேற ஒண்ணும் இல்ல, அதே மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம்ம காலும் கையும் செய்யுற வேலையை ஒரு மோட்டார் செய்யுது, அதுவும் தயங்கித் தயங்கி. ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாறும்போது தலை முன்னாடி போயிட்டு வரும்.

சும்மாமிதி: ஒரே மிதியா மிதிச்சா தலையாட்டத்தான் செய்யும். கியர் மாறப்போற நேரம் ஆக்சிலரேட்டரை லேசா விட்டுக்கொடுங்க, தெரியவே தெரியாது.

கியர்மணி: அது எப்போ மாறும்னு நான் காத்துக் கிடக்கணுமா? அதுக்கு நானே போட்டுக்குறேனே :)

சும்மாமிதி: நெரிசல்ல ஒரு மணி நேரம் கிளட்ச் மிதிச்ச முழங்கால்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க.

ஸ்பேனர்: ரெண்டு பேரும் ஏ.எம்.டி.யையே ஆட்டோமேட்டிக்னு வச்சுச் சண்டை போடறீங்க. சி.வி.டி.ன்னு இன்னொரு வகை ஆட்டோமேட்டிக் இருக்கு, அதுல கியர் படியே கிடையாது. ரெண்டு கப்பி, நடுவுல ஒரு பெல்ட், அவ்வளவுதான். தலையாட்டல் இல்ல, ஆனா அழுத்தி மிதிச்சா இன்ஜின் முதல்ல கத்தும், வேகம் பின்னாடி வரும். (புதுசும் இல்ல, நெதர்லாந்து டாஃப் கம்பெனி 1958லயே சின்ன கார்ல பெல்ட் போட்டுக் காட்டுச்சு.) டார்க் கன்வெர்ட்டர்ங்கிற மூணாவது வகை ஆட்டோமேட்டிக்ல இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியா கடத்துறதால ஊர்ந்து போக அதுதான் சுகம். கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிக்கும். மைலேஜ்ல மேனுவலை ஒட்டி வர்றது ஏ.எம்.டி.தான், உள்ளே இருக்கிறது அதே பெட்டிங்கிறதால.

இன்னொண்ணு. ஏ.எம்.டி.யை மேட்டுல ஆக்சிலரேட்டரால பிடிச்சு நிறுத்தாதீங்க. கிளட்ச் கருகிடும். பிரேக்கை மிதிங்க, இல்லேன்னா ஹேண்ட் பிரேக்.

சும்மாமிதி: ம்ம். நான் கிளட்ச் மாத்தினது அதனாலதான். ஒத்துக்குறேன்.

கியர்மணி: பார்த்தீங்களா! பேட்டரி செத்தா மேனுவலைத் தள்ளியாவது ஸ்டார்ட் பண்ணலாம்.

சும்மாமிதி: இதுவரைக்கும் எத்தனை தடவை தள்ளினீங்க?

கியர்மணி: ஒரு தடவை. ஸ்டார்ட் ஆகல.

இடதுகால்: அப்போ பட்ஜெட்டுக்குள்ள சி.வி.டி. கிடைச்சா அது, இல்லேன்னா ஏ.எம்.டி. சாயங்கால நெரிசல்லயே டெஸ்ட் டிரைவ் கேட்டிருக்கேன்.

ஸ்பேனர்: நல்லது. மேட்டுல நிறுத்தி, பிரேக்ல இருந்து காலை எடுத்தா எவ்வளவு பின்னாடி உருளுதுன்னு பாருங்க. அப்படி உருளாம கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கிற ஹில் அசிஸ்ட் இருக்கான்னு கேட்டுக்குங்க.

கியர்மணி: அப்படியே மேனுவலையும் ஒரு ரவுண்டு ஓட்டிடுங்க. காசா பணமா?