பூம்பாறையில் இரண்டு இரவு: டென்ட் போட்டுத் தங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

திண்டுக்கல் டீச்சர்

பொங்கல் விடுமுறையில் பையனைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறைக்குப் போயிருந்தேன். ஓட்டல் அறை எடுக்கவில்லை, இரண்டு இரவும் டென்ட்தான். திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானலுக்கு அரசுப் பேருந்து, அங்கிருந்து பூம்பாறைக்கு இன்னொரு பேருந்து. 2024 மே 7 முதல் மலைக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது இல்லையா, அரசுப் பேருந்தில் போனால் அந்த வேலையும் இல்லை. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று டென்ட்டை எடுத்துக்கொண்டு தனியாகக் காரில் மலையேறுவதை என்னால் ஏற்க முடிவதில்லை, பாதிப் பலன் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளிலேயே புகையாகப் போய்விடுகிறது.

காட்டுக்குள் நினைத்த இடத்தில் டென்ட் போடக் கூடாது, வனத்துறை அனுமதி இல்லாமல் அது குற்றம். அதனால் ஒரு பூண்டு விவசாயியிடம் முன்கூட்டியே போனில் பேசி, அவர் தரிசு விட்டிருந்த ஒரு படிக்கட்டு வயலில் தங்கினோம். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த மலைப்பூண்டு விளைகிற மண் அது. ஐயா வந்து இடத்தைப் பார்த்து, "ஏம்மா, ஊத்துப் பக்கம் வேண்டாம், ராத்திரி காட்டுமாடு தண்ணிக்கு எறங்குற வழி அது"ன்னு சொல்லி, இரண்டு படி மேலே தள்ளிப் போடச் சொன்னார். அப்புறம் ஒன்று சொன்னார்: "சத்தம் கேட்டா லைட் அடிக்காதீங்க, பேசாமப் படுத்திருங்க."

முதல் நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். முதலில் கேட்டது மூச்சு. மாட்டுக் கொட்டகையில் கேட்கிற அதே மூச்சுதான், ஆனால் நாலு மடங்கு கனமாக. டென்ட் துணிக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை தூரம்கூட இல்லை என்று தோன்றியது. கயிறு ஒன்று இழுபட்டு டென்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்ப நிமிர்ந்தது. பையன் என் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. புல்லை வறக் வறக்கென்று பிடுங்கித் தின்னும் சத்தம் மெல்ல விலகிப் போக அரை மணி நேரம் ஆனது. விடிந்து பார்த்தால் ஈரமண்ணில் என் விரித்த கை அளவுக்குக் குளம்புத் தடம், முளைக்குச்சி ஒன்று பிடுங்கிக் கிடந்தது.

ஆனால் எனக்கு மனசு கனத்துப் போனது அந்த வயலின் மூலையைப் பார்த்தபோதுதான். அங்கே மண்ணைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டிருந்தது. முன்னால் வந்து தங்கின ஒரு கும்பல் பிரியாணி மிச்சத்தையும் அலுமினியப் பொட்டலத்தையும் அங்கே குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறது. புதைத்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள் போல. வாசனைக்குப் பன்றி வந்தது, அந்த இடத்தைப் பழகிக்கொண்டது, அதோடு நிற்காமல் கீழ்ப் படியில் இருந்த உருளைக்கிழங்குப் பாத்தியையும் தோண்ட ஆரம்பித்துவிட்டதாம். பல் பட்ட பிளாஸ்டிக் துண்டுகளை நானும் பையனும் பொறுக்கினோம், அரைப் பை வந்தது.

நாங்கள் கொண்டுபோனது எவர்சில்வர் டப்பாவில் புளிசாதம், ரவை, சின்ன கேஸ் அடுப்பு. விறகு எடுக்கவில்லை, நெருப்பு மூட்டவில்லை. பாத்திரத்தைப் புல்லால் துடைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரில் சோப்பு இல்லாமல் அலசி, ஊற்றுக்கு எதிர்ப்பக்கமாக வீசி ஊற்றினோம். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு இரண்டு நாளில் 12 லிட்டர் ஆனது. ஓட்டலில் ஒரு குளியலுக்கே அது காணாது. ஆரஞ்சுத் தோலைக்கூடப் பையில் போட்டுக் கீழே கொண்டுவந்தேன். மக்கிவிடும்தான், ஆனால் அதற்குள் குரங்கு அதைப் பழகிவிடும்.

ஒன்று மட்டும் முதல் இரவில் தெரியாமல் செய்தேன். குளிருக்குப் பயந்து டென்ட்டின் காற்றுத் திறப்புகளை எல்லாம் மூடிவிட்டேன். காலையில் எங்கள் மூச்சு முழுக்க உள்பக்கத் துணியில் முத்து முத்தாகக் கோத்து நின்றது, பையன் அதில் விரலால் அவன் பெயரை எழுதினான், எழுத்து வழிந்து போர்வையில் சொட்டியது. மறுநாள் மேலே இருக்கிற திறப்பைத் திறந்து வைத்தோம், உள்ளே காய்ந்தே இருந்தது.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

போடிக்காரன்

டீச்சர், காட்டுமாடு பற்றிப் படிக்கும்போது எனக்கே வேர்த்துவிட்டது.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. போடியில் இருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலைதான் குரங்கணி, அதற்கும் மேலே கொழுக்குமலை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்துபோனார்கள். அன்றைக்கு ராத்திரி மலை மேல் சிவப்புக் கோடாக எரிந்ததை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்து பார்த்தேன். அதற்கப்புறம் கேம்ப் ஃபயர் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு பிசையும். பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் புல் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்து நிற்கும், காற்று கீழேயிருந்து மேலே ஏறும். சரிவில் மேல்நோக்கி ஓடுகிற தீயை முந்தி மனுசனால் ஓட முடியாது.

போன வருசம் வெளியூர் நண்பர்கள் கேட்டார்கள் என்று மலையில் ஒரு தனியார் டென்ட் கேம்ப்புக்குக் கூட்டிப் போனேன். பேரைச் சொல்ல விரும்பவில்லை. "இயற்கையோடு ஒரு இரவு" என்றுதான் விளம்பரம். போய்ப் பார்த்தால் ஒரே மேட்டில் முப்பது டென்ட்டுக்கு மேல், டீசல் ஜெனரேட்டர், பன்னிரண்டு மணி வரைக்கும் ஸ்பீக்கர், நடுவில் ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கி எரிக்கிறார்கள். அந்த விறகு எங்கே வெட்டினது என்று கேட்டேன், பதில் இல்லை. கழிவறைத் தண்ணீர் ஒரு குழாய் வழியாக நேராக ஓடைக்குப் போகிறது. அந்த ஓடை கீழே யார் குடிக்கிற தண்ணீர் என்று எங்களுக்குத் தெரியும். துணிக்கூடாரத்தில் படுத்தால் மட்டும் அது பசுமைப் பயணம் ஆகாது டீச்சர், அந்த ராத்திரி நான் தூங்கவே இல்லை. விடியற்காலை நாலு மணிக்குச் சூரிய உதயம் பார்க்க ஜீப் வரிசை வேறு, முன்னால் போகிற ஜீப்பின் தூசியில் பின்னால் வருகிற ஜீப் தெரியவில்லை.

ஒரு சந்தேகம். வயலில் தங்கினீர்களே, கழிவறைக்கு என்ன செய்தீர்கள்? இதை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ஒஸ்லோ வாசி

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து நோர்வேயில் இருக்கிறன். இங்கே 1957ஆம் ஆண்டு வந்த சட்டம் ஒன்று இருக்கு. பயிர் செய்யாத காடு, மலையில் யாருடைய காணியாக இருந்தாலும் கூடாரம் அடிக்கலாம், ஆனால் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி அடிக்க வேணும், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்குவதென்றால், உயர்ந்த மலையும் ஆள் நடமாட்டமில்லாத தூர இடமும் தவிர, காணிக்காரரைக் கேட்க வேணும். ஏப்ரல் 15 இலிருந்து செப்டெம்பர் 15 வரைக்கும் காட்டிலும் காட்டுக்குப் பக்கத்திலும் திறந்த நெருப்பு மூட்டத் தடை. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குப் பழக்கி விடுவார்கள்.

மெட்ரோவில் ஏறி கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் காடு. ஒரு கோடை காலம் மகளோடு அப்படித்தான் போனேன். பொழுது முழுசாக இருட்டாத இரவு, கூடாரத்துக்கு முன்னால் குளத்தில் எல்க் என்கிற பெரிய மான் ஒன்று முழங்கால் தண்ணீரில் நின்று தாமரை இலை மாதிரி ஏதோ ஒன்றைத் தின்றுகொண்டு நிற்கிறது. தலையைத் தூக்கினால் வாயிலிருந்து தண்ணீர் ஒழுகும், திரும்பத் தலையை உள்ளே விடும். நாங்கள் மூச்சுக் காட்டாமல் இருந்து பார்த்தோம். போடித் தம்பி கேட்ட விஷயத்துக்கும் இதில் பதில் இருக்கு. ஒஸ்லோவின் குடிதண்ணீரில் பெரும்பகுதி இந்தக் காட்டு ஏரி ஒன்றிலிருந்துதான் வருகிறது, அதில் குளிக்கவே விடமாட்டார்கள். அதனால் காட்டில் கழிப்பதைத் தண்ணீருக்குத் தள்ளிப் புதைக்க இங்கே ஒரு சின்ன மண்வெட்டி கொண்டு திரிவார்கள்.

திண்டுக்கல் டீச்சர்

தம்பி, நல்ல கேள்வி. நாங்களும் அப்படித்தான், வீட்டில் இருந்த களைக்கொத்தியை எடுத்துப் போனோம். தண்ணீரில் இருந்து குறைந்தது எழுபது காலடி எடுத்து வைத்துத் தள்ளிப் போய், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் அதே மண்ணால் மூட வேண்டும். மேல்மண்ணில்தான் மக்க வைக்கிற உயிரெல்லாம் இருக்கிறது, அதனால் ரொம்ப ஆழமும் வேண்டாம். காகிதம் என்றால் புதைக்காமல் கட்டிக் கொண்டுவந்துவிடுங்கள். ஐயாவிடம் முதலிலேயே கேட்டு, அவர் காட்டின ஓரத்தில்தான் செய்தோம்.

இன்னொன்று, இதற்காகப் புது டென்ட் வாங்க வேண்டாம். அந்தத் துணி பாலியெஸ்டர், மண்ணில் மக்காது. என்னுடையது எட்டு வருசமாக உழைக்கிறது, ஒடிந்த கம்பியைக் குடை ரிப்பேர் செய்பவர் ஒரு குழாய்த் துண்டு மாட்டிச் சரி செய்தார், ஜிப்பை பை தைக்கும் கடையில் மாற்றினேன். திண்டுக்கல் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வாங்கிப் போங்கள், வாடகை எல்லாம் வேண்டாம். திருப்பித் தரும்போது மட்டும் ஒரு நாள் வெயிலில் காயவைத்துத் தாருங்கள், ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்துவிடும்.