குன்னூர்க் குளிரில் சாப்பிடாத கார்ன் ஸ்நேக் குட்டி: காத்திருப்பதா, ஊட்டிவிடுவதா?

சிம்ஸ்பார்க்வாசி:
வணக்கம். என்னிடம் இருக்கும் கார்ன் ஸ்நேக் குட்டிக்கு ஏழு வாரம் ஆகிறது. கோவையில் நண்பர் வீட்டில் பொரிந்தது. பத்தாம் நாளே முதல் சட்டையை உரித்துவிட்டது, ஆனால் அங்கேயும் சாப்பிடவில்லை. இங்கே வந்து மூன்று வாரம். உறைய வைத்த பிங்கியை (முடி முளைக்காத எலிக்குட்டி) இளக்கி நான்கு முறை கொடுத்தேன். நாக்கை நீட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்த அன்று 6.4 கிராம், இன்று காலை 5.9. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, அடியில் ஹீட் பேட், ஒரு மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம். ஒரு வீடியோவில் வாயைத் திறந்து உள்ளே தள்ளிவிடச் சொல்கிறார்கள். நினைத்தாலே கை நடுங்குகிறது. என்ன செய்யட்டும்?

கோத்தகிரிக்காரன்:
தம்பி, ஏழு வாரத்தில் ஒரு வாய்கூட இறங்கவில்லை என்றால் இனிப் பொறுக்கக் கூடாது. குட்டி வயிற்றில் மஞ்சள் கருவோடுதான் பிறக்கிறது. அதுதான் அதன் கைமுதல். பொரிந்த நாள் முதல் அதைக் கரைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் என் குட்டி ஒன்றுக்கு எல்லோரும் "பொறு, பொறு" என்றார்கள். பொறுத்தேன். முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்திய பிறகுதான் ஊட்டினேன். விழுங்கக்கூட அதற்குத் தெம்பில்லை. இரண்டே நாளில் போய்விட்டது. இன்னும் மனது ஆறவில்லை.

வீடியோவில் பார்த்தாயே, தொண்டைக்குள் தள்ளுவது, அதைச் செய்யாதே. உணவுக்குழாய் கிழிந்துவிடும். நான் சொல்வது வேறு. இருப்பதிலேயே சிறிய பிங்கி, ஈரமாக இருக்கட்டும். பாம்பின் தலைக்குப் பின்னால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, பிங்கியின் மூக்கால் வாயைத் திறந்து, தலை மட்டும் உள்ளே போகும்படி வை. பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. பிங்கி அதில் மாட்டிக்கொண்டால் துப்புவதைவிட விழுங்குவதே அதற்குச் சுலபம். கீழே விட்டுவிட்டுச் சிலை மாதிரி நில். நீ அசைந்தால் துப்பிவிடும்.

கொடைக்குறிஞ்சி:
கோத்தகிரி சார், தொட்டியில் வெப்பம் எவ்வளவு என்று கேட்காமலே வாயைத் திறக்கச் சொல்லிவிட்டீர்கள். கோவையில் சாப்பிடாததற்குக் காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் குன்னூரில் மூன்று வாரமாகச் சாப்பிடாததற்குக் காரணம் குன்னூராகவே இருக்கலாம். தம்பி, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, மறைவிடத்துக்கு அடியில், தரையில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துச் சொல். கண்ணாடிச் சுவரில் ஒட்டியதை நம்பாதே.

சிம்ஸ்பார்க்வாசி:
பார்த்தேன் அக்கா. பகலில் 27 காட்டிய இடம் ஐந்து மணிக்கு 19. குளிர்ந்த மூலையில் 13. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. சூடு அதிகமாகிவிடுமோ என்று பயந்து ராத்திரி ஹீட் பேடை அணைத்துவிடுவேன்.

கொடைக்குறிஞ்சி:
அதுதான். இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. அங்கே இலையுதிர்காலத்தில் சாப்பிடாமலே குளிர்கால உறக்கத்துக்குப் போகும் குட்டிகள் உண்டு. முழுக் குளிரென்றால் உடம்பு அடங்கிவிடும், செலவும் குறையும். உன் தொட்டியில் இருப்பது அரைகுறைக் குளிர். பகலில் உடம்பு ஓடுகிறது, ராத்திரி நின்றுவிடுகிறது. தூங்கவும் முடியாமல் பசிக்கவும் முடியாமல் கிடக்கிறது. இந்த நிலையில் ஊட்டினால் பிங்கி வயிற்றுக்குள்ளேயே அழுகும். கக்கிவிடும். கக்கினால் இருந்த கொஞ்ச நீரும் போகும், இரண்டு வாரம் எதையும் கொடுக்கவும் கூடாது.

இன்றே தொட்டியை மாற்று. செருப்புப் பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும், காற்றுத் துளைகளோடு. பெரிய தொட்டி குட்டிக்கு வெட்டவெளி. பருந்து எங்கிருந்து வருமோ என்ற பயத்திலேயே இருக்கும். டப்பா நிறையக் கசக்கிய டிஷ்யூ போடு. டப்பாவின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் மட்டும் ஹீட் பேட். தெர்மோஸ்டாட் இல்லாமல் வேண்டாம், வயிறு வெந்துவிடும். சென்சார் சூடான பக்கத்துத் தரையில் இருக்கட்டும். 29 டிகிரி, இரவும் பகலும். மறுபக்கம் 22, 23 இருக்க வேண்டும். வெளியே மூன்று பக்கமும் தெர்மோகோல் சாத்து. கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி டப்பாவை ஒட்டி வை, உள்ளே வைக்காதே. ஐந்து நாள் தொடாதே. எடைகூடப் பார்க்காதே.

கோத்தகிரிக்காரன்:
மேடம், வெப்பம் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். 19 டிகிரியில் ஊட்டச் சொன்னது தவறு. ஆனால் உங்கள் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் வளர்ப்பது பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வகை. அது பிறக்கும்போதே ஐம்பது, அறுபது கிராம் இருக்கும். ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் தாங்கும். இது ஆறு கிராம். அரை கிராம் போனாலே உடம்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு போகிறது. பைத்தானுக்குப் பழகிய நிதானத்தை இதன் மேல் வைக்காதீர்கள். ஐந்து நாள் சரி. அப்புறம் எத்தனை நாள்? கணக்குச் சொல்லுங்கள்.

கொடைக்குறிஞ்சி:
நியாயமான கேள்வி. பைத்தானைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரி. ஆறாம் நாள் ஒருமுறை, பதினோராம் நாள் ஒருமுறை, இரண்டே வாய்ப்பு. அதற்குள் 5.5-க்குக் கீழே போனால் நானே ஊட்டச் சொல்வேன். வெப்பம் சரியாக இருந்து, எடையும் இறங்கிக்கொண்டே இருந்தால் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

எப்படிக் கொடுப்பது என்பதையும் சொல்கிறேன். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கு. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். கொடுக்கும் முன் கை பொறுக்கும் வெந்நீரில் இரண்டு நிமிடம் போடு, மேல்தோல் 38 டிகிரி அளவுக்கு வரட்டும். நம் ஊரில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் இதற்கு அடுத்தது. ஒன்றரை கிராம் பிங்கி, 13 டிகிரி அறையில், சமையலறையிலிருந்து கொண்டு போவதற்குள் ஆறிவிடும். டப்பா பக்கத்திலேயே வெந்நீரை வைத்துக்கொள். தலையில் ஊசியால் சின்னதாக ஒரு கீறல் போடு, மூளையின் வாசம் வெளியே வரும். மூடியில் துளையிட்ட சின்னக் கப்புக்குள் பாம்பையும் பிங்கியையும் வைத்து, கப்பை டப்பாவின் சூடான பக்கத்தில் இறக்கி, மேலே துணியைப் போட்டுவிட்டுப் போய்த் தூங்கு. எட்டிப் பார்க்காதே.

கோத்தகிரிக்காரன்:
பல்லி வாசத்தையும் சேர்க்கலாம். கார்ன் ஸ்நேக் குட்டி காட்டில் முதலில் பிடிப்பது சின்னப் பல்லியும் மரத்தவளையும்தான், எலி அப்புறம். பிங்கியை வாசமில்லாத சோப்பில் கழுவிவிட்டு, செத்த பல்லி ஒன்றின் மேல் தேய்த்தால் போதும்.

கொடைக்குறிஞ்சி:
வீட்டுப் பல்லியிடமிருந்து ஒட்டுண்ணி வரும். எலும்புக்கு மேல் தோல் மட்டும் நிற்கும் குட்டிக்கு அந்தச் சுமையும் வேண்டுமா? அதோடு, பாறையிலும் மரத்திலும் இருக்கும் மலைப் பல்லிகளைப் பிடிக்கவே கூடாது. அவற்றில் சில இனங்கள் இந்த மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லை. யாராவது லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியை வளர்த்தால் அது உரித்த தோலை வாங்கித் தேய்க்கலாம். உயிருள்ள எதையும் தொட வேண்டியதில்லை.

கோத்தகிரிக்காரன்:
தோல் நல்ல யோசனை. பல்லியை விட்டுவிடுகிறேன்.

கேத்திப்பிள்ளை:
நடுவில் ஒரு கேள்வி. எங்கள் தோட்டத்தில் மண் கிளறும்போது விரல் தடிமனில் ஒரு குட்டிப் பாம்பு கிடைத்தது. வால் வெட்டிவிட்ட மாதிரி மொட்டையாக இருக்கிறது. பிங்கி கொடுத்தால் சாப்பிடுமா?

தேயிலைக்காடு:
சாப்பிடாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கேடயவால் பாம்பு. மண்ணுக்குள் வாழும், மண்புழு தின்னும், விஷமில்லை. இது குட்டியாகவே இல்லாமலும் இருக்கலாம். வளர்ந்ததே பல இனங்களில் சிறிதுதான். ஆனால் தூரத்திலிருந்து சொல்வதை வைத்துக் கையில் எடுக்காதீர்கள், இந்த மலையில் விஷமுள்ள குழிவிரியனும் உண்டு. நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள், கிடைத்த இடத்திலேயே விடுவார்கள். பால் பைத்தான் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: அது மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டிய இனம். செய்துவிட்டீர்களா?

கொடைக்குறிஞ்சி:
செய்துவிட்டேன்.

சிம்ஸ்பார்க்வாசி:
ஆறாம் நாள் செய்தி. டப்பா ஐந்து நாளும் 29-லேயே நின்றது. ஒருநாள் இரவு மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, வெந்நீர் பாட்டில் காப்பாற்றியது. நேற்று இரவு கப்பில் வைத்தேன். காலையில் பிங்கி அப்படியே கிடந்தது. ஆனால் நாக்கை நீட்டிக்கொண்டே இருந்தது. முன்பு அதுகூடக் கிடையாது. எடை 5.8.

கோத்தகிரிக்காரன்:
5.8 தானே? சரி, நானும் பொறுக்கிறேன். பதினோராம் நாள் ஆகவில்லை என்றால் அடுத்த நாள் காலையில் நான் குன்னூர் வருகிறேன். நீ தனியாகச் செய்ய வேண்டாம்.

சிம்ஸ்பார்க்வாசி:
பன்னிரண்டாம் நாள். கோவை நண்பரின் கெக்கோ தோல் பஸ்ஸில் வந்தது. நேற்று இரவு பிங்கியைக் கழுவி, அந்தத் தோலில் புரட்டி, தலையில் கீறிக் கப்பில் வைத்தேன். காலை ஆறு மணிக்குத் துணியை விலக்கினேன். பிங்கி இல்லை. குட்டியின் நடுவயிற்றில் ஒரு சின்ன மேடு. அழுதுவிட்டேன். அண்ணா, நீங்கள் வர வேண்டியதில்லை; சும்மா டீ குடிக்க வாருங்கள்.

கொடைக்குறிஞ்சி:
வயிறு நிறைந்துவிட்டது. இரண்டு நாள் தொடாதே தம்பி, வெப்பத்தையும் குறைக்காதே.

கோத்தகிரிக்காரன்:
அடுத்தது ஆறு நாள் கழித்து, அதே அளவு பிங்கி. சாப்பிட்டுவிட்டதே என்று பெரிதாகக் கொடுக்காதே. தோலை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வா. ஞாயிற்றுக்கிழமை டீக்கு வருகிறேன்.