தமிழ்வழி வகுப்பில் புரொஜெக்டர்: திரையில் விடை வேண்டுமா, கேள்வி வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறைக் கணக்காசிரியர்

சென்ற சனிக்கிழமை ஆசிரியர்களுக்கான க்ளஸ்டர் பயிற்சியில், வகுப்பில் புரொஜெக்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுந்து பாதியில் நின்றுபோன வாதத்தை இங்கே தொடர விரும்புகிறேன். 2018இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தின் கீழ் கேரளத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வரையான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வந்தன. அவற்றைக் கொண்டு நாம் என்ன செய்தோம்? பாடநூலின் பக்கத்தையே சுவரில் பெரிதாக்கிக் காட்டினோம். இல்லையென்றால் காணொளியை ஓடவிட்டு ஓரமாக நின்றோம். திரையில் விடையைக் காட்டுவதால் பயன் குறைவு, கேள்வியைக் காட்டினால்தான் கருவிக்கு வேலை என்பது என் கருத்து.

பத்தாம் வகுப்பில் வட்டங்கள் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின் மேலுள்ள ஒரு புள்ளியோடு இணைக்கும் படத்தை ஜியோஜீப்ரா என்னும் கணக்கு மென்பொருளில் வரைந்து, கோண அளவை மறைத்துவைத்தேன். புள்ளி வட்டத்தின் மேலேயே நகர்ந்தால் கோணம் கூடுமா, குறையுமா, மாறாமல் இருக்குமா என்பதை முதலில் நோட்டில் எழுதச் சொன்னேன். எல்லாரும் எழுதி முடித்த பிறகே அளவைத் திறந்து புள்ளியை நகர்த்தினேன்; 90 பாகை அசையவில்லை. புள்ளியை வட்டத்துக்குள் இழுத்தபோது கோணம் கூடியது, வெளியே இழுத்தபோது குறைந்தது. தவறாக எழுதிய பிள்ளைகள்தான் முதலில் காரணம் கேட்டார்கள். இதையே கரும்பலகையில் காட்ட வேண்டுமானால் எத்தனை படம் வரைவது?

சித்தூர் கரும்பலகைக்காரர்

ஒரு படமும் வரைய வேண்டாம் சார். ஒரு பலகையில் இரண்டு ஆணிகளை அடித்து, மூலைமட்டத்தின் செங்கோண மூலையை அவற்றுக்கு இடையே வைத்து, மட்டத்தின் இரு ஓரங்களும் ஆணிகளை விட்டு விலகாதபடி மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். மூலையில் பென்சிலைப் பிடித்திருக்கும் பிள்ளையின் கண் முன்னாலேயே அரைவட்டம் உருவாகும். திரையில் புள்ளியை நகர்த்தியது நீங்கள். பலகையில் நகர்த்துவது பிள்ளை. கை செய்ததை மனம் மறப்பதில்லை என்பதை முப்பது ஆண்டுக்கு மேலாக வகுப்பில் கண்டவன் நான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 40 நிமிடப் பாடவேளையில் புரொஜெக்டரைப் பொருத்தி, கணினியைத் திறந்து, சன்னலுக்குத் துணி போட்டு மறைத்து, பிள்ளைகளை அடக்கி உட்காரவைப்பதற்குள் எட்டு நிமிடம் போய்விடுகிறது. முன்பு நான் பணிபுரிந்த ஒரு பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த அலுவலர் பதிவேட்டைத் திறந்து புரொஜெக்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் பார்த்தாரே தவிர, எந்தப் பிள்ளை என்ன கற்றது என்று கேட்கவில்லை. அந்தப் பதிவேட்டுக்காகவே நாங்கள் படம் ஓட்டினோம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

மறையூர் அறிவியல் டீச்சர்

ஆணி உதாரணம் அழகானது சார். அடுத்த ஆண்டு எங்கள் கணக்கு டீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன். ஆனால் ஆணியாலும் மூலைமட்டத்தாலும் காட்ட முடியாதவையும் பாடத்தில் உண்டு. மின்கலம், கம்பி, பல்பு மூன்றையும் மேசையில் வைத்து இணைத்துக் காட்டுகிறோம், பல்பு எரிகிறது. முதல் பல்பிலேயே மின்னோட்டம் கொஞ்சம் செலவாகிவிடும், மீதிதான் இரண்டாவது பல்புக்குப் போகும் என்று நினைக்கும் பிள்ளைக்கு, எரிகிற அந்தப் பல்புகள் எதையும் மறுத்துச் சொல்வதில்லை. கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் பெட் (PhET) என்னும் கணினிப் பாவனைப் பயிற்சிகளில் மின்சுற்றுக்கு ஒன்று இருக்கிறது. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதை அது காட்டுகிறது. தொடர் இணைப்பில் இரண்டு பல்புகளின் வழியாகவும் அவை ஒரே வேகத்தில் போவதைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது.

எங்கள் மலையில் சிக்னல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இவற்றை ஒருமுறை இறக்கி மடிக்கணினியில் வைத்துக்கொள்வேன். பிறகு இணையம் வேண்டியதில்லை. வரும் ஆங்கிலச் சொற்களும் சிலவே என்பதால், அவற்றுக்கான தமிழ்ச் சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் முன்கூட்டியே எழுதிவிடுவேன். இந்த மின்சுற்றுப் பாவனையைப் பயன்படுத்திய மாணவர்கள், உண்மைக் கருவிகளை மட்டும் கையாண்டவர்களைவிட நன்றாக விடையளித்தார்கள் என்று 2005இல் வெளிவந்த அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வு கூறுகிறது.

எட்டு நிமிடக் குறைக்கு எங்கள் பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் கணினிக் குழுவின் பிள்ளைகள் முடிவுகட்டிவிட்டார்கள். இடைவேளையிலேயே எல்லாவற்றையும் பொருத்திவைத்துவிடுவார்கள்.

சித்தூர் கரும்பலகைக்காரர்

டீச்சர், அந்த ஆய்வில் இருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். பல்பையும் மின்கலத்தையும் முன்பே கண்டு பழகியவர்கள் திரையில் கற்பது வேறு. கம்பியின் முனையைச் சுரண்டாவிட்டால் பல்பு எரியாது என்பதையே இன்னும் அறியாத எட்டாம் வகுப்புப் பிள்ளை திரையில் கற்பது வேறு. முதலில் கையால் செய்துவிட்டுப் பிறகு திரையில் பார்ப்பது என்றால் என் மறுப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். திரை மட்டும் போதும் என்றால் குறைக்க மாட்டேன்.

வேலந்தாவளம் பெற்றோர்

ஆசிரியர்களுக்கிடையே புகுந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். வகுப்புக்குள் திரை வைப்பதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. வகுப்பு முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடம்தான் சிக்கல். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அது என்னோடு காலையில் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்புகிறது. அதன் பிறகு மகள் பார்த்து எழுத வேண்டும். 2020 ஜூனில் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் வகுப்பு நடந்தபோது பக்கத்து வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து பார்க்க முடிந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் கைபேசி கூடாது என்று தடுத்துவிட்டு, வீட்டில் அது இருந்தால்தான் பாடம் என்பது எப்படிப் பொருந்தும்?

கொழிஞ்சாம்பாறைக் கணக்காசிரியர்

நீங்கள் கேட்பதற்கு என்னிடம் மறுப்பில்லை. எங்கள் வகுப்புக் குழுவில் இனி அறிவிப்பு மட்டும் வரும். வீட்டுப்பாடம் கரும்பலகையிலிருந்து நோட்டுக்குப் போகும். நாளையே மாற்றிவிடுகிறேன்.

பிள்ளையிடம் எந்தக் கருவியும் இல்லாமல் நடத்தக்கூடிய ஒன்றைச் சொல்லுகிறேன். பிளிக்கர்ஸ் என்னும் செயலி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டையைத் தருகிறது. அட்டையில் கறுப்பு வெள்ளையாக ஒரு வடிவம் இருக்கும். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். தன் விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும். நான் என் கைபேசியின் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை கொண்டுபோனால் யார் எந்த விடை சொன்னார்கள் என்பது வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பிடிக்க வழியில்லை. இணையம் என் கைபேசிக்கு இருந்தால் போதும்.

இதன் பயன் அடுத்த ஐந்து நிமிடத்தில் தெரியும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் ஒரு முறையை வகுத்தார். கேள்வி கேட்டுத் தனித்தனியே விடை வாங்கு. ஏறக்குறைய 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லியிருந்தால் விடையை வெளியிடாமல் பக்கத்தில் இருப்பவரோடு வாதிடவிடு. பிறகு மீண்டும் விடை வாங்கு. அதற்கும் கீழே போனால் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும், மேலே போனால் நகர்ந்துவிடலாம். "புரிந்ததா?" என்று கேட்டதும் எழும் "புரிந்தது சார்" என்னும் கூட்டுக்குரலை நம்பி நான் இழந்த ஆண்டுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

வண்டிப்பெரியாறு தொடக்கப்பள்ளி டீச்சர்

உயர்நிலைப் பள்ளிக்காரர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிறவர்கள். வாசிக்கும்போது இரண்டும் கலந்துவிடும். மாதத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பத்தியை வாசிப்பதைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்துவைக்கிறேன். மாத இறுதியில் அதே பத்தியை மீண்டும் பதிவுசெய்து இரண்டையும் அந்தப் பிள்ளைக்கே போட்டுக் காட்டுகிறேன். எங்கே தடுக்கியது என்பதை நான் சுட்டுவதற்கு முன்பே பிள்ளை சிரித்துவிடுகிறது. இதற்குச் செயலியும் தேவைப்படவில்லை, புரொஜெக்டரும் தேவைப்படவில்லை.

சித்தூர் கரும்பலகைக்காரர்

ஒலிப்பதிவை ஏற்கிறேன், அட்டையையும் ஏற்கிறேன். இரண்டிலும் பிள்ளை எதைச் செய்கிறது என்பதை ஆசிரியர் கவனிக்கிறார். கருவி அதற்குத் துணை நிற்கிறது. கொழிஞ்சாம்பாறை சாரின் நகரும் புள்ளியில்தான் எனக்கு ஐயம் நீங்கவில்லை. அன்றைக்குப் புரிந்ததாகத் தோன்றுவது நிலைத்திருக்குமா என்பதை வாதத்தால் தீர்க்க முடியாது. வட்டப் பாடத்தை நீங்கள் திரையில் நடத்துங்கள், நான் ஆணியில் நடத்துகிறேன். மூன்று வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், இரு பள்ளிகளுக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுப்போம்.

மறையூர் அறிவியல் டீச்சர்

அந்தச் சோதனையில் ஒரு குறை இருக்கிறது சார். இரண்டு பள்ளிகளிலும் பத்தாம் வகுப்புத் தமிழ்வழியில் ஒரே ஒரு பிரிவுதான். உங்கள் பிள்ளைகள் அதிகம் எடுத்தால் அது ஆணியாலா, உங்கள் முப்பது ஆண்டு அனுபவத்தாலா என்று எப்படிப் பிரித்தறிவது? பின்னால் வரும் தொடுகோடுகள் பாடத்தில் இருவரும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் திரையில், அவர் கையால்.

சித்தூர் கரும்பலகைக்காரர்

அப்படியென்றால் நான் ஜியோஜீப்ரா கற்க வேண்டிவரும்.

கொழிஞ்சாம்பாறைக் கணக்காசிரியர்

சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வாருங்கள் சார், ஒரு மணி நேரம் போதும். மூலைமட்டத்தையும் இரண்டு ஆணிகளையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். அதை நழுவாமல் நகர்த்தும் வித்தை எனக்கு இன்னும் கைவரவில்லை.