நத்தையைக் கடிக்கும் நாய், மூக்கில் இரத்தம்: நுரையீரல் புழுவாக இருக்குமா?

ஏலக்காட்டு அம்மா, வண்டன்மேடு

வணக்கம். கம்பம்மெட்டிலிருந்து வண்டன்மேட்டுக்கு வரும் வழியில் ஓர் ஏலத்தோட்ட லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கிறேன். எங்கள் மணிக்கு நான்கு வயது, நாட்டு நாய். காய் எடுக்கப் போகும்போது எங்களுக்கு முன்னால் ஓடுவான். ஏலச் செடித் தட்டைக்குள் பாம்பு கிடந்தால் அந்த இடத்தை விட்டு நகராமல் குரைப்பான். இரண்டு முறை எங்கள் பெண்களை அவன்தான் காப்பாற்றினான். அவனுக்கு ஒன்று என்றால் எனக்குச் சோறு இறங்காது.

ஆடி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. ஆப்பிரிக்க நத்தைகள் உள்ளங்கை அகலத்துக்குக் கிடக்கின்றன. இரவோடு இரவாக ஏலச் சரத்தில் இருக்கும் பூவையெல்லாம் தின்றுவிடுகின்றன. மணி அவற்றை ஓட்டோடு கடித்து நொறுக்குகிறான், எத்தனை அதட்டினாலும் கேட்பதில்லை.

போன வாரம் தும்மல் தொடங்கியது. முந்தாநாள் காலையில் வாசற்படியில் இரத்தச் சொட்டு. பார்த்தால் இடது மூக்கிலிருந்து வடிகிறது. இரண்டு முறை இருமினான். ஈறு வெளுத்திருக்கிறது. சாப்பிடுகிறான், ஆனால் மேட்டில் ஏறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறான்.

என் மகள் இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். நத்தையைத் தின்னும் நாய்க்கு அங்கே நுரையீரல் புழு வருகிறதாம். இருமல், களைப்பு, இரத்தம் உறையாமல் வடிவது, எல்லாம் அதன் அடையாளம் என்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

சித்திரையில் விர மருந்து, அதாவது குடற்புழு மருந்து, கொடுத்தேன். (இங்கே பூச்சி மருந்து என்று கேட்டால் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அதனால் மலையாளத்தில் சொல்வதுபோல் விர மருந்து என்றே கேட்போம்.) ஒரு மாத்திரை வாங்கி, பாதி மணிக்கு, பாதி பக்கத்து வீட்டு நாய்க்கு. ஸ்டோரில் காய் நிறுக்கும் தராசில் இன்று மணியை நிறுத்தினேன், 19 கிலோ இருக்கிறான். மாட்டுக்குப் போடும் புழு ஊசியில் கொஞ்சம் போட்டால் எல்லாப் புழுவும் போய்விடும் என்று பக்கத்தில் ஒருவர் சொல்கிறார். போடலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கம்பத்துக்காரன்

அக்கா, அந்த ஊசியை மட்டும் போட்டுவிடாதீர்கள். அது ஐவர்மெக்டின். மாட்டின் எடைக்குச் செறிவாகச் செய்தது. கண் மதிப்பில் நாய்க்கு ஏற்றினால் அளவு பல மடங்கு கூடிவிடும். எங்கள் திராட்சைத் தோட்டத்தில் ஒரு பெட்டை இருந்தாள், சொறிக்கு என்று நானே போட்டேன். மறுநாள் அவளுக்குக் கண் தெரியவில்லை, சுவரில் முட்டிக்கொண்டாள். பிறகு நிற்க முடியவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். என் கையால் போன உயிர் அது. கோலி வகை நாய்களுக்கு மரபிலேயே அந்த மருந்து மூளைக்குள் ஏறிவிடுமாம், சிறிய அளவுகூட ஆபத்து என்று பிறகு மருத்துவர் சொன்னார். நாட்டு நாய்தானே, தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கால்நடை மருத்துவர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

அம்மா, உங்கள் மகள் சொன்னது அந்த நாட்டுக்குச் சரியான செய்தி. ஆஞ்சியோஸ்டிராங்கிலஸ் வாசோரம் என்ற அந்தப் புழு ஐரோப்பாவில் நரிகளிடமும் நாய்களிடமும் இருக்கிறது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் வாழும். அதன் குஞ்சுப் புழுக்கள் சளியோடு மேலே வந்து, விழுங்கப்பட்டு, மலத்தில் வெளியேறும். அந்த மலத்தில் ஊரும் நத்தைக்குள் புகுந்து வளரும். அந்த நத்தையை இன்னொரு நாய் தின்றால் சுற்று முழுமையாகும். அங்கே மாதந்தோறும் மில்பெமைசின் மாத்திரையோ, கழுத்தில் விடும் மாக்ஸிடெக்டின் சொட்டு மருந்தோ கொடுத்துத் தடுக்கிறார்கள். நாம் கடையில் வாங்கும் சாதாரண மாத்திரைக்கு அது கட்டுப்படாது.

ஆனால் நம் பக்கத்தில் மூக்கில் இரத்தம் என்று ஒரு நாய் வந்தால் நான் முதலில் தேடுவது உண்ணிக் காய்ச்சலை. அதில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கு வடியும். காய்ச்சல் இருக்கும், ஈறும் வெளுக்கும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நீங்கள் சொன்னதில் என் கண்ணில் பட்டது வேறொன்று: ஒரே மூக்கு, அதுவும் தும்மலோடு. மணி ஓடைத் தண்ணீர் குடிக்கிறானா? மழைக்காலத்தில் மலை ஓடைகளில் குடிக்கும் நாய், மாடுகளின் மூக்குக்குள் அட்டை ஏறி வாரக்கணக்கில் தங்கிவிடும். அதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளுத்த ஈறுக்குக் கொக்கிப்புழுவும் காரணமாக இருக்கலாம். குடலில் கடித்துத் தொங்கி இரத்தம் குடிக்கும் புழு அது. முட்டை ஈர மண்ணில் பொரித்து, குஞ்சுகள் தோல் வழியாகவே உள்ளே போகும். வெறுங்காலோடு நடக்கும் மனிதர்களுக்கும் பாதத்தில் வளைந்து வளைந்து ஓடும் அரிப்புத் தடிப்பு வரும். நீங்கள் கொடுத்த மாத்திரை பெரும்பாலும் 10 கிலோ எடைக்கு ஒன்று என்ற கணக்கில் வருவது. மணிக்கு இரண்டு வேண்டும். பாதி கொடுத்தீர்கள் என்றால் கால் பங்கு மருந்துதான் போயிருக்கிறது.

நத்தையை அலட்சியம் செய்ய வேண்டாம். எலியின் நுரையீரல் புழு என்று, உங்கள் மகள் சொன்ன புழுவுக்கு உறவுப் புழு ஒன்று உண்டு. எலி மலத்திலிருந்து ஆப்பிரிக்க நத்தைக்குள் போகும். கேரளத்தில் மனிதர்களுக்கே மூளை உறை அழற்சி வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நாய்க்குட்டிகளுக்குப் பின்னங்கால் விழுந்துபோனதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாயைத் தடுங்கள், நீங்களும் வெறுங்கையால் எடுக்காதீர்கள். மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு நாளைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

செங்கோட்டை வாசி

ஆரியங்காவு பக்கம் எங்கள் தோப்பிலும் இதே நத்தைத் தொல்லை. மாலையில் சாக்கை நனைத்து, அடியில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போட்டு வைத்தால் விடியும்போது எல்லாம் அங்கே கூடியிருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு பொறுக்கி, உப்புத் தண்ணீரில் போட்டுப் புதைத்துவிடுங்கள். கடையில் விற்கும் மெட்டால்டிஹைடு நத்தைக் குருணையை நாய் இருக்கும் இடத்தில் போடவே கூடாது. தீவனம்போல் வாசம் அடிக்கும், நாய் தின்றுவிட்டு வலிப்பு வந்து செத்துப்போகும்.

ஏலக்காட்டு அம்மா, வண்டன்மேடு

நான்கு நாளாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள். ஓடையில்தான் குடிக்கிறான் என்று டாக்டர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸ்டோருக்குக் கீழே ஓடும் தண்ணீர்தான் அவனுக்கு எப்போதும்.

ஜீப்பில் ஏற்றி மிருகாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலையிலிருந்து அவனுக்குத் தண்ணீர் காட்டவில்லை. அங்கிருந்த டாக்டரம்மா ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தார். நானும் மூச்சுவிடவில்லை. சிறிது நேரத்தில் இடது மூக்கிலிருந்து கறுப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்து உள்ளே போனது. மூன்றாவது முறை எட்டிப் பார்த்தபோது இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்துவிட்டார். என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. மணி ஒரு பெரிய தும்மல் போட்டுவிட்டு என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். எனக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது.

இரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் இல்லை. மலத்தில் கொக்கிப்புழு முட்டை நிறைய இருந்தது. இரண்டு மாத்திரை அங்கேயே கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடியும் இரண்டு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரத்தம் ஊறுவதற்கு ஒரு டானிக். கொசு கடித்து வரும் இழைப்புழுவுக்கு இந்த மாத்திரை போதாது என்றும், அதற்குத் தனியாக இரத்தம் பார்த்து மாத மருந்து தொடங்கலாம் என்றும் சொன்னார். இன்று மேட்டில் பாதியில் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லயத்து நாய்கள் பதினொன்றையும் அதே தராசில் நிறுத்து, எடையைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறோம். மாத்திரைக்கு எல்லோரும் பணம் போட்டார்கள். தண்ணீருக்கு வாசலில் மண்தொட்டி வைத்தாயிற்று. மாட்டு ஊசி சொன்னவரிடம் கம்பத்துத் தம்பி எழுதியதை வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டார்.

இன்னொரு சந்தேகம் டாக்டர். பக்கத்து வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டு 16 நாள் ஆகிறது. இன்னும் பால்தான் குடிக்கின்றன. அவற்றுக்கும் மருந்து வேண்டுமா?

கால்நடை மருத்துவர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

வேண்டும் அம்மா, இப்போதே. உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் போய்விடும், கொக்கிப்புழு பால் வழியாகப் போகும். மாத்திரை வேண்டாம், பைரண்டெல் திரவ மருந்தை மருத்துவமனையில் கேளுங்கள். எட்டு வாரம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. தாய்க்கும் அதே நாளில் கொடுக்கச் சொல்லுங்கள், பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு. குட்டிகளின் மலத்தை அன்றன்றைக்கே அள்ளிப் புதையுங்கள். உருளைப்புழு முட்டை மண்ணில் இரண்டு வாரம் கிடந்தால்தான் தொற்றும் பக்குவத்துக்கு வரும், லயத்துப் பிள்ளைகள் அங்கேதானே விளையாடுவார்கள். குட்டிகளைப் பெரிய தராசில் நிறுக்க வேண்டாம், கிராம் கணக்குத் தெரியாது. ஏலம் விடக் கொடுக்கும் ஏலக்காய்ச் சாம்பிளை நிறுக்கும் சின்னத் தராசு இருந்தால் அதில் ஒவ்வொன்றாக வையுங்கள்.