எதிராளி யோசிக்கும் நேரத்தில் சதுரங்க நிரல் எதைத் தேட வேண்டும்?

தக்கலை ஆசிரியர்:
எங்கள் பள்ளியின் மாலைப் பயிற்சிக்கு வரும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மடிக்கணினியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரலுடன் ஆடிக்கொண்டிருந்தான். அவன் யோசிக்கும்போதும் உள்ளே விசிறி இரைந்துகொண்டே இருந்தது. நான்கு நிமிடம் யோசித்து யானையை நகர்த்திய அவன், சுட்டியிலிருந்து விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "சார், என் நேரத்திலும் அது யோசிக்கிறதே" என்று வருந்தினான். மனிதர்களும் அப்படித்தான் ஆடுகிறார்கள், அதில் முறைகேடு எதுவும் இல்லை என்று அவனுக்கு விளக்கினேன். ஆனால் நிரல் அந்த நேரத்தைச் செலவிடும் விதம் எனக்கே உடன்பாடாக இல்லை. எதிராளியின் நகர்வு ஒன்றை ஊகித்து, அது ஆடப்பட்டுவிட்டதாகவே கொண்டு, அடுத்த நிலையிலிருந்து தேடுகிறது. நடு ஆட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நகர்வுகள் சாத்தியமாக இருக்கும்போது ஒன்றின் மீது மட்டும் முழு நேரத்தையும் வைப்பதை விட, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடி வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

குளச்சல் நிரலர்:
ஐயா, அந்த ஊகம் குருட்டுத்தனமானது அல்ல. நிரல் தன் நகர்வைத் தேடும்போதே அதற்கான சிறந்த பதிலையும் கண்டுவிடுகிறது, அதையே எதிர்பார்க்கிறது. சதுரங்க நிரலும் பலகையைக் காட்டும் மென்பொருளும் பேசிக்கொள்ள 2000இல் வெளிவந்த யுசிஐ நெறிமுறையில் இதற்கெனவே 'கோ பாண்டர்' (எதிராளியின் நேரத்திலும் யோசி) என்ற கட்டளை இருக்கிறது. ஊகம் பலித்தால் 'பாண்டர்ஹிட்' வரும். தேடல் நிற்காமல் அப்படியே தொடரும். உங்கள் மாணவன் கண்ட உடனடிப் பதில் அதுதான். பலிக்காவிட்டால் 'ஸ்டாப்' வரும், புதிதாகத் தேட வேண்டும்.

எல்லாவற்றையும் தேடு என்று நீங்கள் சொன்னாலும், நிரல்கள் தேடப் பயன்படுத்தும் ஆல்பா-பீட்டா முறை அவ்வாறு செய்யாது. எதிராளியின் சிறந்த பதிலை முழுமையாக ஆராய்ந்துவிட்டு, மற்றவை அதைவிடச் சிறந்தவை அல்ல என்று நிறுவ எவ்வளவு தேவையோ அவ்வளவே பார்த்து வெட்டிவிடும். உழைப்பின் பெரும்பகுதி எப்படியும் அந்த ஒரு நகர்வின் மீதுதான் விழும்; எதிராளியின் நகர்வுக்கு முந்தைய நிலையிலிருந்தே தொடங்குவதால் ஆழமும் ஒரு படி குறையும். எங்கள் கடற்கரையில் கரமடி வலையை மீன்கூட்டம் தென்படும் பக்கம்தான் வளைப்பார்கள், கடல் முழுவதற்கும் அல்ல.

வடசேரி வாசகர்:
அந்த ஒப்புமையில் ஒரு குறை இருக்கிறது, அண்ணாச்சி. எதிராளியும் தன்னைப் போலவே ஆடுவார் என்று நிரல் கொள்கிறது. நிகரான பலமுள்ள இன்னொரு நிரல் எதிரே இருந்தால் ஊகம் அடிக்கடி பலிக்கலாம். எட்டாம் வகுப்பு மாணவனிடம் அது எப்படிப் பலிக்கும்? நான்கு நிமிட உழைப்பும் வீணாகிவிடும்.

குளச்சல் நிரலர்:
முழுவதும் வீணாகாது. தேடிய நிலைகளின் மதிப்புகள் நிரல் நினைவகத்தில் வைத்திருக்கும் ஓர் அட்டவணையில் இருக்கின்றன. வேறு நகர்வு வழியாக அதே நிலை வந்தால் அவை உதவும். மேலும், மாணவன் தவறாக ஆடினால் அதைத் தண்டிக்க நிரலுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. நல்ல பதில் வரும்போதுதான் ஆழம் தேவை. ஊகமும் அப்போதுதான் பெரும்பாலும் பலிக்கிறது.

வடசேரி வாசகர்:
அட்டவணை பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்க முடியாது. ஸ்டாக்ஃபிஷில் அதன் இயல்பான அளவு 16 மெகாபைட். மூன்று பதிவுகளுக்கு 32 பைட் என்ற கணக்கில் சுமார் 15.7 லட்சம் பதிவுகளே அதில் அடங்கும். நொடிக்குப் பல லட்சம் நிலைகளைப் பார்க்கும் மடிக்கணினியில் நான்கு நிமிடத்துக்குள் அது நிரம்பி, பழையவை மீண்டும் மீண்டும் அழிக்கப்பட்டிருக்கும். ஆழமான பதிவுகளைக் காக்க நிரல் முயன்றாலும், ஊகம் தவறியபின் பயன்படக்கூடியதாக எஞ்சுவது சொற்பமே. இன்னொன்று, ஒரே கணினியில் இரு நிரல்களை மோதவிட்டால் ஒன்றின் முறையில் மற்றதும் யோசித்துச் செயலியைப் பிடுங்கிக்கொள்ளும். நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு மதிப்பிடும் சிசிஆர்எல் தரவரிசையில் பாண்டரை அணைத்துவிட்டே ஆடவைக்கிறார்கள்.

தக்கலை ஆசிரியர்:
நிரலரே, ஆல்பா-பீட்டா குறித்து நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எல்லாப் பதில்களும் சமமாகத் தேடப்படும் என்று நான் நினைத்தது தவறு. ஆனால் நல்ல பதில் வந்தாலே ஊகம் பலிக்கும் என்பதை ஏற்க முடியவில்லை. ஏறக்குறைய சமமான மூன்று நல்ல நகர்வுகள் உள்ள அமைதியான நிலைகளில், நிரல் ஒன்றையும் மாணவன் மற்றொன்றையும் தேர்ந்தெடுக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அட்டவணையை 512 மெகாபைட் ஆக்கி, ஒவ்வொரு முறையும் நிரல் ஊகித்த நகர்வை அவன் பார்க்காதபடி ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவன் ஆடியதோடு ஒப்பிடப் போகிறேன். வரும் சனிக்கிழமை மூன்று ஆட்டங்கள் முடிந்ததும் அந்தத் தாளை இங்கேயே இடுகிறேன்.